சித்தப்பா ஆடிய சூரன்

எங்கள் சித்தப்பா மூன்று முறை சட்டசபைக்குப் போனவர். அதற்கு முன் நகரசபைத் தலைவர். அதற்கும் முன் பாலமும் வாய்க்காலும் கட்டிய அரசாங்க இன்ஜினியர். நெசவுக்காரத் தெருவில் அந்தப் படிப்புப் படித்த முதல் ஆள் எங்கள் வீட்டு ஆள்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்றாலும், அவர் அரசியலுக்குள் போன சாயங்காலத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

வேலையை ராஜினாமா செய்துவிட்டு அவர் எங்கள் வார்டில் தேர்தலுக்கு நின்றார். அந்த நேரம் பார்த்து ஐப்பசி சஷ்டி வந்தது. சூரசம்ஹாரத்தில் சூரனை ஆட்டுவது எங்கள் வீட்டு முறை. மூங்கிலில் கட்டிய ஆளுயரக் கூட்டுக்குள் வீட்டு ஆண் ஒருவர் நுழைந்து சுமந்து ஆட வேண்டும். சாமியின் வேல் வந்து தொட்டதும் உள்ளிருந்தே கயிற்றை இழுத்துச் சூரன் தலையை விழவைக்க வேண்டும். அந்த வருஷம் முறை சித்தப்பாவுடையது.

கட்சிக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“இன்னாபா இது, ஓட்டு கேக்குற நேரத்துல சூரனா? தோக்குறவன் வேஷம்பா அது. வேற யார்னா ஆடட்டுமே.”

“சூரன் தோத்தா ஊருக்கு நல்லது. நான் தோத்தா யாருக்கு நல்லதுன்னு சொல்லு, விட்டுடறேன்,” என்றார் சித்தப்பா.

அப்பா சிரிக்கவில்லை. தோற்றால் திரும்பிப் போக வேலை இல்லை என்பது அவர் கவலை.

முந்தைய வருஷம் வேல் கிட்டே வருவதற்குள் தலை விழுந்து, ஊரே எங்கள் சூரனைப் பயந்தாங்கொள்ளி என்றது. இன்ஜினியர் அதைப் பொறுப்பாரா? சணல் கயிற்றை எறிந்துவிட்டு, தறியில் மிஞ்சிய பட்டு நூலை முறுக்கிக் கயிறாக்கி, இழுத்தால் அவிழும் சுருக்காகப் போட்டார். பட்டைவிட உறுதி எது என்று எங்கள் தெருவில் யாரும் கேட்க மாட்டார்கள். தறிக்கூடத்தில் இழுத்துப் பார்த்தபோது தலை அழகாக விழுந்தது.

சஷ்டியன்று தூறல் பிடித்துக்கொண்டது. சாமி வந்து நின்றார். குருக்கள் வேலைக் கொண்டுவந்து சூரன் மார்பில் தொட்டார். மேளம் உச்சத்துக்குப் போனது. தலை விழவில்லை. நனைந்த பட்டு இறுகிப்போய்ச் சுருக்கு கல்லாகிவிட்டது. குருக்கள் மறுபடி தொட்டார். கூட்டுக்குள் சித்தப்பா இழுத்த இழுப்பில் சூரன் ஆடினானே தவிர, தலை அசையவில்லை.

“இன்ஜினியர் கட்னதுபா, லேசுல உழாது,” என்றான் ஒருவன்.

“சாமி சொல்லியே கேக்கல, ஜெயிச்சா நம்ம பேச்சக் கேக்கப்போறாரா?” என்றான் இன்னொருவன்.

சிரிப்பு பரவியது. பெண்கள் பக்கம் சிரிக்கவில்லை. சூரன் விழாத வருஷம் ஊருக்கு ஆகாது என்று முணுமுணுத்தார்கள். எதிர்க்கட்சி ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது சூரன் மெதுவாக முன்பக்கம் சாய்ந்தான். கையை ஊன்றாமல், கூடும் ஆளுமாக நெடுஞ்சாண்கிடையாகச் சேற்றில் விழுந்தார் சித்தப்பா. மூங்கில் முறிந்தது. தலை கழன்று உருண்டு சாமிக்கு முன்னால் போய் நின்றது. அரோகரா என்று தெருவே அதிர்ந்தது. சிரித்தவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நான் ஓடினேன். சித்தப்பா முறிந்த மூங்கிலை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். உடம்பெல்லாம் சேறு, புருவத்தில் ரத்தம். எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார். ஆனால் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கூப்பினார்.

நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். “சித்தப்பா, சாமி அந்தாண்ட இருக்குது.”

அவர் என் தலையைத் தடவிவிட்டு, பெண்கள் நின்ற பக்கம் திரும்பி அவர்களையும் கும்பிட்டார். நிதானமாக, ஒருவரையும் விடாமல்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவிடம் ஓடிப்போய், சித்தப்பாவுக்குத் தலையில் அடிபட்டுத் திக்குத் தெரியாமல் போய்விட்டது என்றேன்.

அம்மா கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“ஒங்க சித்தப்பாவுக்கு எந்தப் பக்கம்னு நல்லாவே தெரியும்டி,” என்றாள்.

தெரிந்தவர் ஏன் திரும்பவில்லை என்று எனக்கு அன்று விளங்கவில்லை.