பின்னால் இருக்கிறவள்

குடைப்பட்டறையில் நாற்காலி கிடையாது. அறையின் நடுவே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, ஒரு நீளப் பலகை. இரண்டு பக்கமும் ஜன்னல்கள். கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைக்கிறவர்களுக்கு வெளிச்சம் எதிரிலிருந்து விழ வேண்டும். அதனால் பாதிப் பெண்கள் ஒரு பக்க ஜன்னலையும் மீதிப் பெண்கள் மறுபக்க ஜன்னலையும் பார்த்து, ஒரே பலகையில் முதுகோடு முதுகாக உட்கார்ந்தார்கள். சாய வேறு எதுவும் இல்லை. ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்தார்கள். புதிதாக வருகிறவளுக்கு முதல் நாளே ஒரு முதுகு அமைந்துவிடும். பிறகு அது மாறாது. 'என் முதுகு இன்னைக்கு வரல' என்று ஒருத்தி சொன்னால் கூட்டாளி லீவு என்று பொருள்.

அவர்களில் ஒருத்தி இவள்; பட்டறையில் முனை என்று கூப்பிட்டார்கள். கம்பியின் நுனியில் துணியின் முனையைச் சேர்த்துத் தைப்பது இவள் வேலை. இவளுக்கு முதுகாக அமைந்தவள் பெயர் நெட்டை. நெட்டையின் தோள்பட்டை எலும்பு இவள் கழுத்துக்குக் கீழே வந்து நிற்கும். அவள் சிரிக்கப் போவது சத்தம் வருவதற்கு முன்பே இவளுக்குத் தெரிந்துவிடும். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தால் அன்று முதுகு கல்லாக இருக்கும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் பேசினார்கள். சாப்பாட்டு நேரத்தில் எதிரெதிரே உட்கார நேர்ந்தால்தான் இருவருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒருத்தி கண்ணயர்வாள், மற்றவள் பிடித்துக்கொள்வாள். அது எல்லா ஜோடிகளிடமும் இருந்த வழக்கம். தூங்குகிறவள் குடையை மடியில் விரித்து வைத்து, ஊசியை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தால் தைக்கிற மாதிரியே இருக்கும். பிடிக்கிறவள் இடுப்பை இறுக்கி, லேசாகப் பின்னால் தள்ளிக் கொடுக்க வேண்டும். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்தால் இடுப்பால் ஒரு இடி.

அன்றைக்கு நெட்டை சொன்னாள், "தலை பாரமா இருக்குடி. கொஞ்சம் பிடிச்சுக்கோ."

"நேத்தும் நான்தான் பிடிச்சேன்."

"நாளைக்கு நீ குறட்டை விட்டுத் தூங்கு. நான் பாட்டுப் பாடி மறைக்கிறேன்."

பாரம் வந்து இறங்கியது. வழக்கத்தைவிட அதிகம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காலையில் சொல்லியிருந்தாள். அசந்துவிட்டாள், தூங்கட்டும் என்று முனை இடுப்பை இறுக்கிக்கொண்டாள். சூப்பர்வைசர் அந்தப் பக்கமாக வந்தார். இடிக்க மனம் வரவில்லை. இன்னும் நிமிர்ந்து, அந்த உடம்பு சரியாமல் முட்டுக் கொடுத்தாள்.

"என்ன, நெட்டை இன்னைக்கு வாயே திறக்கல?"

"தொண்டை கட்டியிருக்கு சார்."

"தினமும் கட்டட்டும். வேலையாவது நடக்கும்."

பலகை முழுக்கச் சிரித்தது. பின்னாலிருந்த முதுகு மட்டும் சிரிக்கவில்லை.

மணி அடித்தபோது, "போதும்டி, எழுந்திரு," என்று சொல்லி முனை முன்னால் நகர்ந்தாள். நெட்டை பலகையில் மல்லாந்து விழுந்தாள். ஊசி அப்போதும் விரலிடுக்கில் இருந்தது.

இதயம் நின்றுவிட்டது என்றார்கள். எப்போது நின்றது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இவளிடம்தான் கேட்டிருக்க வேண்டும். தூக்கத்தின் பாரம் எந்த இடத்தில் வேறு பாரமாக மாறியது என்று இவள் திரும்பத் திரும்ப யோசித்தாள். சூப்பர்வைசர் வந்தபோதா? அதற்கு முன்பா? இடித்திருந்தால் விழித்திருப்பாளா? மதியம் முழுவதும் அந்த முதுகு சூடாகத்தான் இருந்தது. அது யாருடைய சூடு?

இடுப்பு வலி அதற்குப் பிறகு வந்தது. முதலில் காலையில் மட்டும். பிறகு குனிந்தால், நிமிர்ந்தால், தும்மினால். கணவன் மோட்டார் பழுது பார்க்கிறவன். "ஒரு கம்பி வளைஞ்ச குடை மாதிரி நடக்கிற," என்றான். தைலம் தேய்த்துவிட வந்தால் இவள் முதுகைக் காட்ட மாட்டாள். ஒருக்களித்து, அவனைப் பார்த்தே படுப்பாள்.

"அந்தப் பக்கம் திரும்பிப் படேன். மூச்சு மூஞ்சியில அடிக்குது."

"நீங்க திரும்புங்க."

அவன் திரும்பிக்கொள்வான். ஒரு விடியற்காலை அவள் தூக்கத்தில் புரண்டிருக்கிறாள். அவன் முதுகு அவள் முதுகில் பட்டது. எழுந்து சமையலறைக்குப் போய், பாத்திரங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். அவன் கேட்டதற்குத் தண்ணீர் குடிக்க வந்ததாகச் சொன்னாள்.

பட்டறையில் புதுப் பெண் ஒருத்தியை இவளுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். அவள் சாப்பாட்டு நேரம்வரைகூட இருக்கவில்லை. பலகையின் கடைசியில் போய் இடுக்கிக்கொண்டாள்.

"ஏம்மா, அங்க இடம் இருக்கே," என்றார் சூப்பர்வைசர்.

"இருக்கு சார். ஆனா உட்கார முடியல."

"ஏன்?"

"அந்த அக்கா ஏற்கெனவே யார் மேலயோ சாஞ்சுதான் உட்கார்ந்திருக்காங்க."

அப்போதுதான் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முனை பின்பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஒன்றும் இல்லாமல் எவராலும் அப்படி உட்கார முடியாது. அவள் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. வலியைச் சரி பண்ணிக்கொண்டு வா, இடம் எங்கேயும் போகாது என்றார். அவர் சொன்ன இடம் எது என்று அவள் கேட்கவில்லை.

உடற்பயிற்சி சிகிச்சை தருகிற பெண்ணின் அறை, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. தரையில் நீல விரிப்பு. ஆளுயரக் கண்ணாடி. மேசையில் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்று, யாரும் தொடாமலே லேசாக ஆடியது. அந்தப் பெண்ணுக்கு வயது குறைவு, பேச்சு அதிகம்.

"டாக்டரம்மா," என்று ஆரம்பித்தாள் முனை.

"டாக்டர் இல்லம்மா. எங்க அம்மா ஆசைப்பட்டாங்க, நான் பாஸ் பண்ணல. சுவத்துல சாஞ்சு நில்லுங்க. குதிகால், புட்டம், தோள், தலை. நாலும் சுவத்துல படணும்."

குதிகால் பட்டது. மற்றவை படவில்லை. சுவருக்கும் அவளுக்கும் நடுவே இடைவெளி இருந்தது. அந்தப் பெண் தோளை மெதுவாக அழுத்தினாள். மரம் மாதிரி இருந்தது.

"சுவர் கடிக்காதும்மா."

"தெரியும்."

முதுகில்லாத முக்காலியில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்ததும் முனை பின்னால் சரிந்தாள். அந்தப் பெண் பதறிப்போய்க் கையை நீட்டினாள், பிறகு எடுத்துக்கொண்டாள். விழவில்லை.

"எதுலம்மா சாஞ்சிருக்கீங்க?"

முனை முக்காலியிலிருந்து எழுந்துகொண்டாள்.

முட்டி போட்டு, கையை ஊன்றி, பூனை மாதிரி முதுகை வளைத்து இறக்குவது வந்தது. துண்டைப் பாதத்தில் மாட்டிக் காலை நீட்டித் தொடையின் பின்பக்கத்தை இழுப்பது, உட்கார்ந்தபடியே, வந்தது. மல்லாந்து படுத்துச் செய்கிறவைதான் வரவில்லை. முக்கியமானவை எல்லாம் அவைதான். படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பின் பள்ளம் தரையைத் தொடும்படி அழுத்தி விடுவது. ஒரு காலை மார்புவரை இழுத்து நிறுத்துவது. ஒவ்வொரு முறையும் முனை விரிப்பில் உட்காருவாள், ஒரு கையை ஊன்றுவாள், அத்துடன் நின்றுவிடுவாள்.

"இதைச் செய்யாம மத்ததெல்லாம் செஞ்சு பிரயோஜனம் இல்லம்மா. உங்க இடுப்புத் தசை சும்மா இருக்கிறதே இல்ல. தூங்கும்போதுகூடப் பிடிச்சுக்கிட்டே இருக்கு. விட்டாத்தான் வலி விடும்."

"விட்டா விழுந்துடுவா."

அந்தப் பெண் சிரிக்கப் போனாள். முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"யாரும்மா?"

முனை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள். பலகையை, பாரத்தை, தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்ன பொய்யை. சொல்லும்போது கை மடியில் இல்லாத ஒரு துணியை நீவிவிட்டுக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு நகர்ந்தேன். தடால்னு விழுந்தா. அந்தச் சத்தம் இருக்கே... இப்பவும் பாரம் இருக்கு. மதியம் கூடும், காலையில குறையும். மல்லாந்து படுத்தா அவ மேலதான் படுக்கணும். இல்ல, நகர்ந்து அவளை விடணும். ரெண்டுல எது செய்ய?"

கீழே கடையில் யாரோ கண்ணாடி போட்டுப் பார்த்து எழுத்துகளை உரக்கப் படித்தார்கள்.

"எனக்குத் தெரியலம்மா," என்றாள். "ஆனா இப்படியே பிடிச்சுக்கிட்டிருந்தா அடுத்த வருஷம் நீங்க உட்காரவே முடியாது. அப்ப அவங்க எங்க சாய்வாங்க?"

முனை அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு விரிப்பில் உட்கார்ந்தாள். நடுவில் அல்ல, ஓரத்தில். இடது கையைப் பின்னால் கொண்டுபோய் எதையோ தாங்குகிற மாதிரி வைத்துக்கொண்டு, வலது முழங்கையை ஊன்றி, மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்தாள். பாதியில் நின்றாள். அந்தப் பெண் கிட்டே வரவில்லை. கை இன்னும் கொஞ்சம் இறங்கியது; புறங்கை விரிப்பைத் தொட்டது; அங்கேயே இருந்தது. அப்புறம், ஒரு குழந்தையின் தலைக்கடியிலிருந்து எடுக்கிற மாதிரி, கையை உருவி எடுத்தாள். சத்தம் எதுவும் வரவில்லை.

மல்லாந்து படுத்தாள். விரிப்பின் ஒரு பாதியில் மட்டும். வலது தோள் வெறும் தரையில் இருந்தது.

"நடுவுல வாங்கம்மா. தரை ஜில்லுனு இருக்கும்."

"இருக்கட்டும்."

முழங்காலை மடக்கினாள். அழுத்தச் சொன்னபோது அழுத்தினாள். இடுப்பு தரையைத் தொட்டது. வலியில் கண் மூடிக்கொண்டது. மூச்சு விட்டபோது எங்கேயோ ஒன்று தளர்ந்தது. இடது கால் கோணலாக இருந்தது. அதைச் சரி செய்ய அந்தப் பெண் எழுந்து வந்தாள். விரிப்பின் காலிப் பாதியில் கால் வைத்தால் இரண்டு எட்டுதான். தூக்கிய காலை அப்படியே நிறுத்தினாள். பிறகு சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போனாள்.