ஊருக்கொரு கண்ணன்

பிள்ளைகளே, இன்று உங்கள் பள்ளி நாடகத்தில் அரிதார வாசம் வந்ததும், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் அரியலூர்ப் பக்கம் ஊர் ஊராக நாடகக் கொட்டகைகளில் ஆடிய, என்னை வளர்த்த பெரியம்மா நினைவுக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயதிலும் சலங்கை கட்டி யசோதையாக ஆடுவார். இடுப்பில் வைத்து ஆட, போகிற ஊரிலெல்லாம் ஒரு கைக்குழந்தையைக் கண்ணனாக இரவல் வாங்குவார்கள். அவனை அவர் கொஞ்சக் கொஞ்ச எனக்கு வயிறு எரியும். ஒருநாள் மேடையேறும் நொடியில் அவனைக் கிள்ளிவிட்டேன். அவன் வீறிட, பெரியம்மா அந்த அழுகைக்கே தாலாட்டுப் பாடி ஆட, கொட்டகையே கைதட்டியது. எனக்கு இன்னும் எரிந்தது.

ஆட்டம் முடிந்து, குழந்தையை அதன் தாயிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

"கிள்ளுனது நீதானடா?"

"அவன மட்டும் கொஞ்சுறியே!"

"அவனத் தூக்கி ஆடி முட்டி வுட்டுப்போச்சு. வந்து புடிச்சு வுடு, திருட்டுப்பயலே."

வீங்கிய காலை என் மடியில் நீட்டினார். எந்த ஊர்க் கண்ணனுக்கும் அது கிடைத்ததில்லை.