கொக்கி வைத்த பெயர்

லோரெட்டா ஓ'டீ எதையும் தானே செய்து பார்க்காமல் எழுதமாட்டாள். கடலில் விழுந்தால் மிதக்கவைக்கும் உடைக்குப் பயன்பாட்டுக் குறிப்பு எழுதச் சொன்னபோது, அதை மாட்டிக்கொண்டு செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தில் குதித்து, பல் கிட்டிப்போய் ஏறி வந்த பிறகுதான் பேனாவைத் தொட்டாள். அந்த உடைக் கம்பெனி மூடியதும் வாட்டர் தெருவில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தாள்.

அங்கே செய்தது ஒரே சரக்கு. மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் அது செல்லுமா, செல்லாதா என்று சொல்லும் கருவி. கேட்பது மனிதர்கள் அல்ல. பெரிய அலுவலகங்களில் கடிதம் அனுப்பவும் தேதி குறிக்கவும் அமர்த்தியிருக்கும் ஏஐ ஏஜென்ட்டுகள். அவை படித்து நடப்பதற்கான விளக்கத்தை எழுதுவது லோரெட்டாவின் வேலை.

"படிக்கப்போறது மெஷின்," என்றான் கருவியைச் செய்த வேட் பென்னி. "தயவுசெஞ்சு, முடிஞ்சா, இதெல்லாம் வேணாம். செய், செய்யாதே, அவ்வளவுதான்."

அவளும் அப்படியே எழுதினாள். 'செல்லாது என்று பதில் வந்தால், அந்த நபரை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போ.' இதைவிடத் தெளிவாக எவராலும் எழுத முடியாது என்று வேட் மெச்சினான். அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான். நகரத்து ஆஸ்பத்திரி ஒன்று அந்தக் கருவியை வாங்கிய அன்று ஆபீசில் கேக் வெட்டினார்கள்.

வீட்டில் அவள் அப்பா ஆம்புரோஸ். படகுத்துறையில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு கண்ணிலும் புரை; அதே ஆஸ்பத்திரியில் அறுவைக்குத் தேதி வரக் காத்திருந்தார். கோப்பைக்குப் பக்கத்தில் தேநீரை ஊற்றிவிட்டு, ஆஸ்பத்திரியைத் திட்டுவார்.

"என்னை மறந்தே போயிட்டானுங்க. நான் செத்ததும் தேதி கொடுப்பானுங்க போல."

"வரிசை நீளமா இருக்கும்பா. வரும்."

"வரும் வரும். மூடுபனி விலகும்னுகூடத்தான் தினம் சொல்றே."

மார்ச் மாதத்தில் ஒரு மத்தியானம், விளக்கத்தில் சேர்க்கப் புதிதாக ஓர் உதாரணம் வேண்டியிருந்தது. கற்பனைப் பெயர்கள் அலுத்துப்போய், அப்பாவின் முகவரியைத் தட்டினாள். படகுத் தொழிலாளர் சங்கம் கொடுத்த முகவரி அது. அதில் குடும்பப் பெயர், 'ஓ' எழுத்தின் பின்னால் மேலே தொங்கும் கொக்கியோடு அப்படியே இருக்கும்.

செல்லாது.

தப்பாகத் தட்டிவிட்டோம் என்று மறுபடி அடித்தாள். செல்லாது. கொக்கியை எடுத்துவிட்டு அடித்தாள். இப்போது 'செல்லாது' வரவில்லை. வேறொரு கொக்கிப் பெயரைப் போட்டாள். செல்லாது. காலையில்தான் அந்த முகவரிக்கு அப்பாவின் மருந்துச் சீட்டை அனுப்பியிருந்தாள், போய்ச் சேர்ந்திருந்தது. அவளுடைய ஆபீஸ் முகவரியில் வெறும் லோரெட்டாதான். அதனால்தான் இத்தனை நாளும் கண்ணில் படவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"ஆம்புரோஸ் ஓ'டீயா? அவருக்குப் போன இலையுதிர் காலத்துலயே தேதி ஒதுக்கியிருக்கேம்மா," என்றாள் பதிவுப் பெண். "ஆனா சேதி போகலை. இருங்க, ஏஜென்ட் போட்ட குறிப்பை வாசிக்கிறேன். 'முகவரி செல்லாது. அந்த நபரை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போனேன்.'"

லோரெட்டா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய வரி. ஒரு சொல் மாறாமல் அவளுடைய வரி.

"போன் பண்ணியிருக்கலாமே?"

"அதுக்கு அப்படிச் சொல்லலை போலிருக்கே."

சொல்லவில்லைதான். சொல்லவேண்டியவள் அவள்தான்.

வேட்டின் மேசைக்குப் போனபோது அவள் முகத்தைப் பார்த்து அவனே எழுந்துவிட்டான். கேட்டதும் தலையில் கை வைத்தான்.

"திருட்டுப் பயலுக அந்தக் கொக்கியை வச்சுத்தான் கம்ப்யூட்டருக்குள்ளே புகுவானுங்கன்னு மொத்தமா அடைச்சேன். ஐயோ, என் மாமியாரே ஓ'கீஃப்! இந்த ஊர்ல பாதிப் பேரு..."

"பாதி ஊரை விட்டுட்டுப் போயிருக்கோம், வேட்."

"இப்பவே திறந்துடறேன்."

"திறந்தா மட்டும் போதாது. விட்டுட்டுப் போனவங்களைத் திரும்பத் தேடணும்."

அன்றே கருவியைச் சரிசெய்தார்கள். வாங்கியிருந்த எல்லோருக்கும் நடந்ததை மறைக்காமல் எழுதினாள். தள்ளிவைத்த பெயர்களை மறுபடி பார்க்கச் சொன்னாள். விளக்கத்தில் அந்த வரியை அழித்து, 'செல்லாது என்று வந்தால் நிறுத்து. வேறு வழியில் அந்த நபரைத் தொடர்புகொள்ள ஒரு மனிதரிடம் சொல்' என்று போட்டாள். பள்ளிக்கூடம், வங்கி, வாடகை வீட்டுக் கம்பெனி என்று பதில்கள் வரத் தொடங்கின. ஓ'பிரையன், டி'சூசா, என்'டியாயே. ஒவ்வொரு பெயரையும் ஒரு தாளில் எழுதிவைத்தாள்.

அப்பாவிடம் சொல்லத்தான் பயம். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொன்னாள். 

"நீயா எழுதினே?"

"நான்தான்பா."

"உன் பேச்சை ஒருத்தன் இம்புட்டு ஒழுங்காக் கேட்டானா!" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. தட்டைத் தடவி ஓரமாகத் தள்ளினார்.

மே மாதம் வலது கண்ணில் அறுவை முடிந்தது; நன்றாகத் தெரிகிறது. இடது கண்ணில் புரையை எடுத்த பிறகும் வெளிச்சம் முழுசாகத் திரும்பவில்லை. புரைக்குப் பின்னால் இன்னொரு நோய் ஒளிந்து வளர்ந்திருந்தது. இலையுதிர் காலத்தில் வந்திருந்தால் தடுத்திருக்கலாம் என்றார் டாக்டர். லோரெட்டா பக்கத்தில் நின்று அதையும் கேட்டாள்.

"வீட்டுக்குப் போலாமா மகளே?" என்றார் ஆம்புரோஸ். காரின் கதவை அவரே திறந்துகொண்டார்.