எட்டாத மேசை

திண்டுக்கல்லை அடுத்த ஒரு நூற்பாலையில் ஏழு வருடம் மனிதவள அதிகாரியாக இருந்தேன். வந்தவர்களின் கைரேகைப் பதிவைப் பார்ப்பதும், வராதவர்களுக்கு மெமோ அடிப்பதும்தான் வேலை. அதற்கு ஒரு குளிர்சாதன அறையும் சுழல் நாற்காலியும் கொடுத்திருந்தார்கள்.

பேக்கிங் பகுதியில் நூல் சுற்றிய கோன்களைப் பெட்டியில் அடுக்க ஒரு மேசை உண்டு. அதை வாங்கியவன் நல்ல உயரமாக இருந்திருக்க வேண்டும். அதில் வேலை செய்தது நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து மில் வேனில் வரும் ஓர் அக்கா. என் தோளுக்குக்கூட வரமாட்டார். வீட்டிலிருந்து ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்து, மேசைக்கு முன்னால் போட்டு, அதன்மேல் நின்று அடுக்குவார். அவரைவிட வேகமாக அடுக்கியவர் அந்த மில்லில் இல்லை.

சென்னையிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். மூன்று நாள் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, தேவையற்ற பொருளை ஒழித்தால் உற்பத்தி தானாக ஏறும் என்றார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு எங்கே போச்சு மதி? எங்கள் மேனேஜர் கைதட்டினார். பட்டியலில் இல்லாத பொருள் எதுவானாலும் சிவப்புச் சீட்டு கட்டிப் பின்னறையில் போட வேண்டும் என்று உத்தரவு. பலகை பட்டியலில் இல்லை. சீட்டைக் கட்டியவன் நான்.

"அது இல்லாம எனக்கு எட்டாது சார்."

"லிஸ்ட்ல இல்லக்கா."

இதைச் சொன்ன வாயை நினைத்தால் இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அதன்பிறகு அவர் நுனிக்காலில் நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி அடுக்கினார். இரண்டே வாரத்தில் வலது தோள் வீங்கியது. பெட்டிகள் குறைந்தன. 'வேலையில் ஈடுபாடு இல்லை' என்று மெமோ அடிக்கச் சொன்னார் மேனேஜர். செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டுகிற புத்தி அது. மூன்று மெமோ வாங்கினால் வேலை போகும். இரண்டைக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது என் மேசை இழுப்பறையில் தயாராக இருந்தது.

அதற்குள், ஆலோசகர் சொன்னபடி ஒழுங்குபடுத்தியதற்காக மில்லுக்குத் தரச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. கேன்டீனில் விழா. பின்னால் நின்று பேச வாடகைக்கு எடுத்த மைக் மேசை உயரமாக வந்துவிட்டது. மேனேஜர் அந்த அக்காவைவிட இரண்டு விரல் உயரம் கூடுதல், அவ்வளவுதான். மைக்குக்குப் பின்னால் சாயம் அடித்த முடி மட்டும் தெரிந்தது. என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

"கீழ எதையாவது போடுய்யா."

ஓடினேன். பின்னறையில் அந்தப் பலகைதான் கையில் கிடைத்தது. சீட்டை அவிழ்க்க நேரமில்லை. போட்டேன்; ஏறினார்; முகம் தெரிந்தது. மனிதருக்கும் இயந்திரத்துக்கும் உள்ள ஒத்திசைவைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். பேக்கிங் பகுதிப் பெண்கள் ஒருத்தரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் அவர் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேச்சு முடிந்து அவர் நாற்காலிக்குப் போனதும், மூன்றாவது வரிசையிலிருந்து அந்த அக்கா எழுந்து வந்தார். இடது கையால் பலகையை இழுத்தார். சிவப்புச் சீட்டை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"சாருக்கு எட்டிருச்சுல்ல. எனக்கு வேணும், எடுத்துட்டுப் போறேன்."

எல்லோர் எதிரிலும் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பேக்கிங் பகுதிக்கு நடந்தார். மறுநாள் அதன்மேல்தான் நின்றார். மேனேஜர் அந்தப் பக்கமே வரவில்லை.

மூன்றாவது மெமோவை மேனேஜர் கடைசிவரை கேட்கவில்லை. நானாக அதைக் கிழிக்கவும் இல்லை. கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன்.