தட்டுப் படம்

வேற்றுக்கிரகத்து ஆட்கள் பூமியைப் பிடிக்க வரும் படங்களுக்கு என் மனைவி வைத்த பெயர் தட்டுப் படம். கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்தவற்றைச் சொல்லவில்லை. நூலில் கட்டிய தகரத் தட்டு ஆடிக்கொண்டே இறங்குமே, உள்ளேயிருந்து ரப்பர் முகமூடி போட்ட ஆள் வருவானே, தமிழில் குரல் கொடுத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் போடுவார்களே, அந்தப் படங்கள். ஒன்றைக்கூட விடமாட்டாள்.

எனக்குப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற பிரஸ் வைத்திருக்கிறேன், என்னிடமே வெடியைப் பற்றிக் கதை விடலாமா? தட்டு வெடித்தால், அது வெறும் புஸ்வாணம், திரிகூடத் தெரிகிறது என்று கத்துவேன். ஏன் எப்போதும் அமெரிக்காவிலேயே இறங்குகிறான், சாத்தூர்ப் பக்கம் வந்தால் தட்டில் பட்டாசு லோடு ஏற்றி அனுப்பிவிடுவோம் என்ற பயமா என்பேன். அதற்குள் அவள் நூலைக் கண்டுபிடித்திருப்பாள். ஒருமுறை முகமூடிக்காரன் கையில் கடிகாரம் இருந்ததையும் அவள்தான் பார்த்தாள். அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று கேட்டேன்.

"பெரிய படமெல்லாம் நம்மள ஏமாத்திருது. இது பாவம், ஏமாத்தத் தெரியாம மாட்டிக்கிடுது. அதான் பிடிச்சிருக்கு," என்றாள்.

மகளின் பிரசவத்துக்காக அவள் அமெரிக்கா போனாள். பேத்தி பிறந்து தவழவும் ஆரம்பித்துவிட்டாள். மகள் வேலைக்குப் போக வேண்டும், அம்மா இங்கேயே இருக்கட்டும் என்கிறாள். மாப்பிள்ளையும் அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று விசாரித்துவிட்டார். நீங்க என்ன சொல்றீக என்று மனைவி போனில் கேட்டாள். உன் இஷ்டம் என்றேன். பெரிய மனுஷத்தனமாகப் பேசிவிட்டதாக எனக்கு நினைப்பு. போனை வைத்த பிறகு வீட்டுக்குள் இருக்கவே பிடிக்கவில்லை.

தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்து கிடப்பதால் மற்ற நாட்கள் பிரஸ்ஸோடு ஓடிவிடுகின்றன. ஞாயிறுதான் ஆகாது. போன வாரம் டிவியைப் போட்டால் ஒரு தட்டுப் படம். நூல் பளிச்சென்று தெரிந்தது. "ஏ, நூலு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பதிலுக்கு ஆளில்லை. அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

உடனே வீடியோவில் கூப்பிட்டேன். பேத்தியைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். போனை டிவிக்கு நேராகப் பிடித்தேன். தட்டு வெடித்தது, முகமூடிக்காரர்கள் தடுக்கி விழுந்து ஓடினார்கள். அந்தப் பக்கம் சிரிப்பையே காணோம். லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைத் திருப்பினேன். அழுதுகொண்டிருந்தாள்.

"வந்துரு," என்றேன். "என்னால இங்கன தனியா இருக்க முடியல."

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த ஒத்த வார்த்தைய நீங்க சொல்லுவீகன்னுதான் தினம் தினம் போன் பண்ணுனேன். இன்னைக்குத்தான் மககிட்ட, இங்கனயே இருந்துக்கிறேன்னு சொன்னேன்."