தைத்த பொதியைப் பிரித்த பௌசியா டீச்சர்

பௌசியா டீச்சர் காலமான செய்தி வந்தபோது நான் காலைப் பூசை முடிந்து வந்து பாணுக்குச் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தேன். அழைத்தது அவருடைய மகள் ரிஸானா. "டீச்சர், உம்மா மவுத்தாகிட்டாங்க," என்றாள். சுபஹுத் தொழுகைக்கு எழுந்தவர் தொழுகைப் பாயிலேயே சாய்ந்துவிட்டாராம். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுப்பதாகச் சொன்னாள். "ஆர் பக்கத்துல இருந்தது?" என்று மட்டும் கேட்டேன். "நான் இருந்தன், டீச்சர்," என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு, தலவிலயிலிருந்து புத்தளம் போகும் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

எங்களோடு கற்பித்தவர்களும் அவரிடம் கணிதம் படித்தவர்களும் இதை வாசிப்பீர்கள். அவர் எப்படிப்பட்ட ஆசிரியை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பறைக்கு வெளியே, ஓய்வுபெற்றுப் பல வருடங்களுக்குப் பிறகு, அவர் எனக்குச் செய்த ஒரு காரியத்தை மட்டும் சொல்கிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கிய குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. எங்கள் பள்ளிக்கூடத்தில் அவரை இணைத்த முதல் நாள், ஆசிரியைகள் சேர்ந்து அவருக்கென்று சில சேலைகள் கொண்டுவந்திருந்தோம். அவர் அவற்றை வாங்கி மேசையில் வைத்தார். "அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்வான். இத முகாம்ல இருக்கிற ஆளுகளுக்குக் குடுப்பம். எனக்குப் பாட நேரசூசியத் தாங்க," என்றார். சிலருக்கு அது திமிராகப் பட்டது. அவருடைய இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதனால் அன்றே அவரை மதித்தேன். சிநேகம் வருவதற்குச் சில வருடங்கள் பிடித்தன, ஏனென்றால் இருவருமே விட்டுக்கொடுக்காதவர்கள்.

என் கணவர் சென்ற வருடம் இறந்தார். எங்கள் ஒரே மகன் ஜூட் இத்தாலியில் இருக்கிறான். தகப்பனின் அடக்கத்துக்கு அவன் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றான், நானும் விசாரித்தவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன். முப்பதாம் நாள் பூசை முடிந்த பின்னேரம் தொலைபேசியில் ஒன்று கேட்டான். "அம்மா, அப்பாட சைக்கிள் பிரேம மட்டும் எனக்கு அனுப்புங்க. அப்பாவ மண்ணுக்குள்ள வச்சத நான் காணல்ல. வீடியோவுல பாத்தது நம்ப ஏலாம இருக்கு. அவர் தொட்ட ஒண்ட நான் கையில பிடிக்கணும்."

அது என் கணவர் இளமையில் சிலாபத்திலும் புத்தளத்திலும் ஓட்டப்போட்டிகளுக்குக் கொண்டுபோன சைக்கிள். சில்லும் கைபிடியும் சங்கிலியும் காலத்துக்குக் காலம் மாறின. பிரேம் மட்டும் கடைசிவரை அதுவேதான். தன் வாழ்க்கையில் ஜூட் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட பொருட்கள் குறைவு. இதை எப்படியும் அனுப்பிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

நினைத்தது போல் இலகுவாக இருக்கவில்லை. தபாலில் அந்த நீளத்தை எடுக்க மாட்டார்கள். சிலாபத்தில் ஒரு கூரியர் கடைப் பெண் அளவுநாடாவை அங்குமிங்கும் பிடித்துப் பார்த்து, "பாரம் இல்ல மிஸ், பிளேன்ல பிடிக்கிற இடத்துக்குத்தான் காசு," என்று ஒரு தொகை சொன்னாள். என் ஓய்வூதியத்துக்கு அது தாங்காது. கப்பலில் மலிவு. ஆனால் அங்கே துறைமுகத்தில் பொருளை எடுப்பவர் தன் வதிவிடப் பத்திரங்களைக் காட்டி எடுக்க வேண்டும் என்றார்கள். ஜூட்டிடம் சொன்னேன். "கப்பல் வேணாம் அம்மா," என்றான். வேறு விளக்கம் சொல்லவில்லை.

மிஞ்சிய வழி, இத்தாலிக்குப் போகிற ஒருவரின் பயணப் பொதியோடு அனுப்புவது. இந்தக் கரையில் யாராவது ஒருவர் எப்போதும் போய்க்கொண்டுதான் இருப்பார். முந்தலில் சைக்கிள் திருத்துபவர் ஒருவரைக் கொண்டு சில்லு, கைபிடி, இருக்கை எல்லாவற்றையும் கழற்றினேன். பிரேமை மேசையில் கிடத்தி, எண்ணெய் போட்டுத் துடைத்து, பழைய படுக்கை விரிப்பால் சுற்றி, அதன்மேல் சாக்குத் துணி வைத்து, இரட்டை நூலில் நெருக்கமாகத் தைத்து, முடிச்சுகளில் அரக்கும் வைத்தேன். கன்னியர் மடத்தில் எங்களுக்குப் பொதி தைக்கப் பழக்கிய சிஸ்டர் கண்டிருந்தால் குறை சொல்லியிருக்க மாட்டார்.

எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த ஒரு பெண் அதை முகமலர்ச்சியோடு வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த நாள், பாரம் கூடிவிட்டது என்று திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள். இன்னொருவர் பார்த்த உடனே இடமில்லை என்றார். என் மகனைப் பற்றி ஊரில் ஏதோ கதை இருக்கிறது, அதனால்தான் ஒதுங்குகிறார்கள் என்று நான் எண்ணிக்கொண்டேன். அதன் பிறகு யாரிடமும் கேட்கவில்லை. ஜூட் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் கடைசியாக, "அது என்னாச்சு அம்மா?" என்பான். பிறகு அதைக் கேட்பதையும் நிறுத்திவிட்டான். அழைப்புகளும் குறைந்தன. அது எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நாட்களில்தான் பௌசியா டீச்சர் என்னைப் பார்க்க வந்தார். அலுமாரிக்கு முன்னால் கிடத்தி வைத்திருந்த பொதியைக் கண்டு, என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் கிட்டப் போய், தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்ல தையல். அதனாலதான் ஒருத்தரும் கொண்டுபோகல்ல," என்றார்.

"என்ன சொல்றீங்க?"

"உள்ளுக்க குழாய், டீச்சர். வெளியில அரக்கு முத்திரை. நம்மட கடல்ல என்னென்ன சாமான் வந்து இறங்குதெண்டு நேவிக்காரன் கரையெல்லாம் தேடுறான். குழாய்க்குள்ள என்ன இருக்கெண்டு அவங்க உங்களட்ட கேக்க ஏலுமா? உங்கட முகத்தப் பாத்து ஆரு கேப்பாங்க? கேக்க வெக்கப்பட்டுத்தான் பாரம் கூடிட்டு எண்டாங்க."

எனக்குச் சுரீரென்றது. "நான் களவுச் சாமான் அனுப்புவன் எண்டு நினைப்பாங்களா?"

"நினைக்க மாட்டாங்க. ஆனா பயப்படுவாங்க. அது வேற, இது வேற." பிறகு கதிரையில் அமர்ந்துகொண்டு, "கப்பல் ஏன் வேணாமாம் மகனுக்கு?" என்றார்.

"நான் கேக்கல்ல."

"ஏன் கேக்கல்ல?"

நான் தேத்தண்ணி ஊற்ற எழுந்து குசினிக்குப் போனேன். அவர் அதோடு விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த கிழமை நிரோஷாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். நிரோஷா அவரிடம் கணிதம் படித்த பிள்ளை. இத்தாலியில் வயோதிபர்களைப் பராமரிக்கும் வேலை. லீவில் வந்து, இரண்டு பிள்ளைகளையும் மறுபடி தாயிடம் விட்டுவிட்டு, அந்த வியாழக்கிழமை திரும்பிப் போக இருந்தாள். அவளுடைய சம்பளத்தில்தான் அந்த வீடு நிற்கிறது.

பௌசியா கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைத்தார். "பிரியுங்க," என்றார்.

"என்னச் சோதனை போடவா வந்தீங்க?"

"ஓம். சோதனை போடத்தான் வந்த. இவள் கண்ணால பாக்கணும். இவள்ட கையாலயே கட்டணும். நாளைக்கு அங்க ஆபீஸர் கேட்டா, நான் கட்டினது எண்டு இவள் சொல்லணும்."

நிரோஷா தலையைக் குனிந்துகொண்டாள். "டீச்சர் கோவிக்க வேணாம். எனக்குப் பிள்ளைகள் இருக்கு," என்றாள் மெதுவாக.

நான் என் வாழ்க்கையில் அப்படி அவமானப்பட்டதில்லை என்று அந்த நேரம் நினைத்தேன். இருவரையும் வெளியே போகச் சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பிள்ளையின் கையைப் பார்த்தேன். கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தாள். கத்தரிக்கோலை எடுத்து நானே வெட்டினேன்.

நிரோஷா பிரேமைத் தூக்கி நிமிர்த்தினாள். உள்ளே ஏதோ உருண்டு, கடகடவென்று இறங்கி நின்றது.

முதல் பெண் அதைத் திருப்பிக் கொண்டுவந்ததன் காரணம் எனக்கு அப்போது விளங்கியது. நான் அதை எப்போதும் கிடத்தியே வைத்திருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. நிரோஷா பிரேமைச் சுவரோடு சாத்திவிட்டு வாசல் பக்கம் நகர்ந்தாள். "நான் வீட்ட போறன் டீச்சர்."

"நில்லு," என்றார் பௌசியா. பிறகு என்னிடம், "என்னெண்டு தெரியுமா?"

"தெரியா."

"சத்தியமா?"

என் வயதில் என்னிடம் அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை. "சத்தியமாத் தெரியா," என்றேன்.

அவர் அலுமாரியிலிருந்து உடுப்புக் கொளுவும் கம்பி ஒன்றை எடுத்து, வளைத்து, இருக்கைக் குழாய்க்குள் விட்டுக் கிண்டினார். உள்ளே கொளுவுவதும் வழுக்குவதும் கேட்டது. என்னோடு அத்தனை வருடம் வாழ்ந்த மனிதர் எனக்குத் தெரியாமல் எதையோ மறைத்துவிட்டாரோ என்று அந்தச் சில நிமிடங்கள் நான் ஐயப்பட்டேன். இதை எழுதவும் கை கூசுகிறது. கடைசியில் ஒரு கறுத்த கட்டி வந்து விழுந்தது. பெருவிரல் அளவு. நூல் சுற்றி, மெழுகு பூசியிருந்தது. பார்வைக்கு மிக மோசமான ஒன்று போலத்தான் இருந்தது.

"கத்தியத் தாங்க," என்றார் பௌசியா. பலகையில் வைத்துப் பிளந்தார். மெழுகுக்குள்ளே வெள்ளி நிறத்தில் ஏதோ மினுங்கியது. எங்கள் தலவில கோயிலின் புனித அன்னம்மாள் பதக்கம்.

என் மாமனார் வள்ளக்காரர். புதிய வள்ளம் இறக்கும்போது, திருநாளில் எரிந்த மெழுகுதிரியின் மெழுகில் ஒரு பதக்கத்தைப் பொதிந்து, வள்ளத்தின் முன்பக்கமான அணியத்தில் குடைந்து வைத்து அடைப்பார்கள். கடலில் காவலுக்கு. அந்த வீட்டுப் பிள்ளையான என் கணவர் சைக்கிளுக்கும் அதையே செய்திருக்கிறார். இருக்கைத் தண்டைக் கழற்றிய அன்று அது இடம் விட்டு இறங்கியிருக்கிறது. என்னிடம் சொன்னால் நான் சிரிப்பேன் என்று சொல்லாமல் விட்டிருப்பார். சிரித்திருப்பேன்தான்.

நான் அதைத் திரும்ப உள்ளே வைக்கச் சொன்னேன். பௌசியா மறுத்துவிட்டார். "எக்ஸ்ரேயில கட்டியாத்தான் தெரியும். இவள்ட மாலையில கோர்த்து விடுங்க. கழுத்துல கிடந்தா உங்கட அன்னம்மாளுக்கும் வெளிக் காத்துப் பிடிக்கும்." நிரோஷா முதன்முதலாகச் சிரித்தாள்.

பிறகு அவர் கணித ஆசிரியையாக மாறிவிட்டார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டித்தான் விமானத்துக்குக் கணக்கு என்று தையல் நாடாவால் அளந்து, சைக்கிள் கடைப் பெட்டியொன்றை வெட்டிச் சிறிதாக்கினார். நிரோஷா ஒரு சூட்கேசை விட்டுவிட்டு அதன் இடத்தில் இந்தப் பெட்டியைக் கொண்டுபோகச் சம்மதித்தாள். அவளுடைய உடுப்புகளையும் மிளகாய்த்தூள் பைகளையும் பிரேமின் நடுவிலும் சுற்றிலும் அடைத்தார்கள். "உன்ட கருவாடு?" என்றார் பௌசியா. "கருவாட்டு மணத்தோட ஜூட்டுட அப்பா வந்தாச் சரியில்ல டீச்சர்," என்றாள் அவள்.

வியாழக்கிழமை காலையிலேயே பௌசியா என் வீட்டுக்கு வந்து அமர்ந்தார். பகல் திரும்பிய பிறகு விமான நிலையத்திலிருந்து நிரோஷாவின் அழைப்பு வந்தது. பெட்டியைத் தனியாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், தன்னை ஒரு பக்கத்தில் இருத்தியிருக்கிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் செபமாலையை எடுத்தேன். "நீங்க மாதாவட்டச் சொல்லுங்க. நான் துஆ கேக்கிறன். ரெண்டு பக்கத்தாலயும் தள்ளுவம்," என்றார் அவர். அவருடைய குரலும் நன்றாக இருக்கவில்லை. அந்தப் பிள்ளையை இதில் இழுத்தவர் அவர்தான். அவளுடைய வேலைக்கு ஒன்று நடந்தால் அவரால் அதைத் தாங்க முடியாது என்பது முகத்தில் தெரிந்தது. தேத்தண்ணி ஆறி ஏடு கட்டியது. யாரும் குடிக்கவில்லை.

மறுபடி மணி அடித்தபோது பௌசியாதான் எடுத்தார். பெட்டியைத் திறந்து, குழாய்க்குள் லைட் அடித்துப் பார்த்து, யார் கட்டியது என்று கேட்டார்களாம். "நான் கட்டினன் எண்டு சொன்னன், டீச்சர். பொய் சொல்லத் தேவைப்படல்ல," என்றாளாம். பௌசியா தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டுத் தொழப் போனார்.

பிரேம் ஜூட்டின் கையில் கிடைத்தது. பதக்கமும் கிடைத்தது. "அப்பா இத ஓட்டிக்கிட்டுப் போறதப் பாத்தது இப்பதான் எனக்கு ஞாபகம் வருது," என்றான். பிறகு நன்றாக அழுதான். அழட்டும் என்று நானும் தொலைபேசியை வைக்காமல் இருந்தேன்.

ஜனாஸா வீட்டில் பெண்கள் பக்கத்தில் இருந்தபோது, அவரிடம் படித்த பலர் வந்து பல நல்ல குணங்களைச் சொன்னார்கள். எல்லாம் உண்மை. நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான். மரியாதைக்காக மற்றவர்கள் கேட்காமல் விடுவதை, அந்த மனிதர் மேல் உள்ள அக்கறையால் நேரே கேட்டுவிடுவது. அது எனக்கு இயல்பாக வராது. அதனால்தான் அதைக் கையில் எடுத்த அன்றே பாவித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

புத்தளத்திலிருந்து திரும்பிய பின்னேரம், சேலை மாற்றாமலே ஜூட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். பௌசியா டீச்சர் போய்விட்டதைச் சொன்னேன். பிறகு, "நீ ஏன் அப்பாட அடக்கத்துக்கு வரல்ல?" என்றேன்.

"லீவு..." என்று தொடங்கினான்.

"லீவு எண்டு ஊருக்கு நான் சொன்ன. எனக்கு நீ உண்மையச் சொல்லு."

அந்தப் பக்கத்தில் ஏதோ வாகனம் போகிற சத்தம் கேட்டது.

"அம்மா, எனக்கு இஞ்ச பேப்பர் இல்ல. வேல மாறின நாளையில இருந்து இல்ல. அங்க வந்தா எனக்குத் திரும்பி இஞ்ச வர ஏலாது."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லயே, அம்மா."

நான் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தேன். "இப்ப கேக்கிறன்," என்றேன். "முதல்ல இருந்து சொல்லு."