மூன்று உலாவிகளுக்கு ஒரு பெரட்டு

தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவன் நான். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆட்களைக் கொழுந்து எடுக்க மலைக்கு அனுப்புவேன். கூப்பிட்டு முடிவதற்குள் வந்து சேராதவர்களை வீட்டுக்குத் திருப்பிவிடுவேன். கணினியில் இணைய உலாவி தேர்ந்தெடுத்தபோதும் எனக்கு வேறு முறை தெரியவில்லை.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான கீழ் லயத்துக்குப் பின்னால் மண்மேடு வெடித்திருந்தது. காலடியால் அளந்தேன், பதினான்கு அடி. மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்த பிறகு எங்கள் பக்கத்தில் வெடிப்பைக் கண்டு யாரும் சும்மா இருப்பதில்லை. வேறு இடத்தில் வீடு கேட்டு இருபத்திரண்டு குடும்பங்களின் பெயர்களை இணையத்தில் பதிய வேண்டும். அன்றுதான் கடைசி நாள், மாலை நான்கு மணி வரை. தோட்டத்தில் கணினி இருந்தது என் வீட்டில் மட்டும். மகன் பதுளையில் வாங்கித் தந்த பழைய கணினி அது. உள்ளே மூன்று உலாவிகள்.

மூன்றிலும் அந்தப் படிவத்தைத் திறந்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். முதலாவதுக்கு ஆறு வினாடி, இரண்டாவதுக்கு ஒன்பது, மூன்றாவதுக்கு இருபத்தேழு. மூன்றாவதைக் கணினியிலிருந்தே நீக்கிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் பெயர்களைப் பதியத் தொடங்கினேன். முதலாவதில் ஏழு பெயருக்கு மேல் புதிய வரி வரவில்லை. இரண்டாவது உலாவி பன்னிரண்டாவது பெயரில் உறைந்து நின்றது. மணி இரண்டே கால்.

எல்லாருடைய அடையாள அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு வந்து, முதலிலிருந்தே திரையைப் பார்த்தபடி காத்திருந்தார் கீழ் லயத்து அம்மா ஒருவர். என் காலத்தில் கொழுந்து எடுத்தவர்.

"மூணுல ஒண்ணக் காணோமேங்க ஐயா?"

"லேட்டா வந்திச்சு. தூக்கிட்டேன்."

"எனக்கும் அப்பிடித்தானே செஞ்சீங்க? பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு ஓடியாந்தேன். பேரு முடிஞ்சிருச்சு, வீட்டுக்குப் போன்னீங்க. நேரத்துக்கு வந்தவ எத்தன கிலோ எடுத்தான்னு பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். வேலைக்கு வந்த நாளெல்லாம் இந்த அம்மாதான் மற்றவர்களைவிடக் கூடுதலாக எடுப்பவர். நீக்கிய உலாவியை மறுபடியும் இறக்கத் தொடங்கினேன். மேகம் மூடிய மலையில் அது வந்து சேர நாற்பத்திரண்டு நிமிடம் ஆயிற்று. நான் பதினொரு தடவை எழுந்து கடிகாரத்தைப் பார்த்தேன்.

"உக்காருங்க ஐயா. நீங்க நடந்தா அது வேகமா வருமா?" என்றார் அந்த அம்மா.

மெதுவாகத்தான் திறந்தது. ஆனால் ஏழைத் தாண்டியது, பன்னிரண்டைத் தாண்டியது. இருபத்திரண்டாவது பெயரையும் வாங்கிக்கொண்டு, கிடைத்துவிட்டது என்று பதில் காட்டியபோது மணி மூன்று ஐம்பத்தொன்று.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. திரையில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக, பழைய பெரட்டுக் குரலில் உரக்கக் கூப்பிட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் அந்த அம்மா அட்டையைத் தூக்கிக் காட்டி, "இருக்குங்க" என்றார். தன் பெயர் வந்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"இன்னைக்கு நேரத்துக்கு வந்துட்டேங்க."

கூப்பிட்டது இருபத்திரண்டு, இருந்தது இருபத்திரண்டு. முப்பத்தொரு வருடத்தில் ஒருவரைக்கூடத் திருப்பி அனுப்பாத பெரட்டு எனக்கு அமைந்ததில்லை. அன்று அமைந்தது.